விண்கல்லும் அதன் சீட்டும்

இரவு வானில் ஒளிக்கோடு இட்டு மறையும் எரிநட்சத்திரத்தை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவற்றுள் மிகப்பல காற்று மண்டலத்திலேயே எரிந்து பொடியாகிவிடும். எஞ்சித் தரையை வந்தடைவதையே விண்கல் என்கிறோம். அத்தகைய கல்லின் சிறு துண்டுகளைக் கிராம் கணக்கில் விலைக்கு வாங்கிப் பேணுவோர் உலகெங்கும் உளர். அவர்கள் உண்மையில் எதனை வாங்குகிறார்கள் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

விண்கற்களைக் கல், இரும்பு, இரண்டும் கலந்தவை என மூவகையாகப் பகுப்பர். விழக் கண்டு எடுக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை கல் வகையே. இரும்பு வகையில் நிக்கல் கலந்திருக்கும். அதனை அறுத்து மெருகிட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அரித்தால், பெரும்பாலான துண்டுகளில் பாய்ப் பின்னல் போன்ற கோலம் தோன்றும். குறுங்கோள்களின் உட்புறத்தில் பல இலட்சம் ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்த உலோகத்தில் அமைவது இது. உலைக்களத்தில் இதனை ஆக்க இயலாது. 1947 பிப்ரவரி 12 அன்று சோவியத் நாட்டின் கீழ்த்திசையிலுள்ள சிகோடே-அலின் மலைப் பகுதியில் இரும்பு விண்கற்கள் மழையெனப் பொழிந்தன. கிழிந்த தகடு போன்ற அத்துண்டுகள் இன்றும் சேகரிப்போரிடையே கைமாறி வருகின்றன.

ஆனால், கருநிறக் கல்லெல்லாம் விண்கல் ஆகிவிடாது. உள்ளே துளைகள் மலிந்திருந்தால் அது பெரும்பாலும் உலையில் கழிந்த இரும்புச் சிட்டமே. மெருகிடாத பீங்கானில் தேய்க்கும்போது சிவந்த கோடோ கறுத்த கோடோ விழுந்தால், அது பூமியில் கிடைக்கும் இரும்புத் தாதுவாக இருக்கக்கூடும். காந்தத்தை வைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. எனினும் வலிய காந்தம் பட்டால், கல்லில் தொன்றுதொட்டுப் பதிந்துள்ள காந்தச் சுவடு அழிந்துவிடும் என ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கின்றனர்.

இச்சோதனைகள் அனைத்தினும் மேலானது, கல்லுடன் வரும் சீட்டு. எங்கே, என்று விழுந்தது, யார் யார் கைவழி வந்தது என்னும் செய்திகளை அது தாங்கியிருக்க வேண்டும். 1798-இல் காசிக்கு அருகே விழுந்த கற்களை, இங்கிலாந்து, இத்தாலி, பொஹீமியா ஆகிய இடங்களில் விழுந்தவற்றுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார் எட்வர்ட் ஹோவர்ட் என்னும் வேதியியலார். எல்லாவற்றிலும் நிக்கல் இருப்பதை அவர் 1802-இல் வெளியிட்டார். கற்கள் வானத்திலிருந்து விழுகின்றன என்பதை அறிஞருலகம் ஏற்க இது பெரிதும் துணை செய்தது. இடமும் காலமும் குறிக்கப்படாதிருந்தால் அந்த ஒப்பீடே நிகழ்ந்திராது.

1865 ஆகஸ்டு 25 அன்று பீகாரிலுள்ள ஷெர்காட்டியில் ஒரு கல் விழுந்தது. ஊர்ப்பெயருடன் பேணப்பட்டமையால், அதனை ஒத்த கற்கள் அனைத்தும் ஷெர்காட்டைட் என்றே வழங்கலாயின. அவ்வினத்தைச் சேர்ந்த அண்டார்க்டிகக் கல் ஒன்றில் அடைபட்டிருந்த வாயு, 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் அளந்த காற்றை ஒத்திருப்பது 1980-களில் புலனாயிற்று. பீகாரில் விழுந்த கல் செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்பது இவ்வாறே துணிபாயிற்று.

எனவே வாங்க விரும்புவோர், சீட்டிலுள்ள பெயர் உலக விண்கல் கழகத்தின் பட்டியலில் உள்ளதா என முதலில் பார்த்தல் வேண்டும். நாட்டுச் சட்டங்களையும் அறிந்திருத்தல் நலம். ஆர்ஜென்டினா 2007-இல் தன் விண்கற்களைப் பண்பாட்டுச் செல்வமாக்கிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் விழுபவற்றைப் பேணும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. நம் வயலில் ஒரு கல் விழுமாயின் அதனை உடைத்துப் பங்கிடாமல், விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்து அத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

வாங்கிய துண்டை ஈரம் அண்டாமல் மூடிய பெட்டியில் வைப்போம். இல்லையேல் இரும்பு துருவேறிவிடும். அதனினும் கருத்தாகச் சீட்டைக் காப்போம். துருவை ஓரளவேனும் துடைத்தெடுக்கலாம். தொலைந்த வரலாற்றைக் கல்லிடம் கேட்டுப் பெற முடியாது.