குச்சவெளியில் காணி வாங்குமுன்: கனடாவில் இருப்போருக்கு

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் போனால் உப்புவெளி, நிலாவெளி தாண்டிக் குச்சவெளி வரும். போர் முடிந்தபின் இந்தக் கரையில் ஹோட்டல்கள் எழுந்தன. கடலைப் பார்த்தபடி ஒரு வீடு, லீவுக்குத் தங்கவும் மற்ற நாட்களில் வாடகைக்கு விடவும் வேண்டும் என்ற ஆசை ரொறன்ரோவில் பலருக்கு உண்டு. காசு அனுப்புமுன் இவற்றைப் பாருங்கள்.

கடவுச்சீட்டு: 1963 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வெளிநாட்டவர் வாங்கும் காணிக்கு 100 வீத வரி விதித்தது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் அந்த விற்பனையையே தடுத்தது. மீறி எழுதும் உறுதி செல்லாது. கனடாக் குடியுரிமை மட்டும் உள்ளவர், குச்சவெளியிலேயே பிறந்திருந்தாலும், இச்சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு விலக்கு உண்டு. நிரந்தர வதிவிடம் மட்டும் பெற்று இலங்கைக் குடியுரிமையை வைத்திருப்பவருக்குத் தடையே இல்லை. மற்றவர்கள் அதிகபட்சம் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கலாம். முதுசக் காணி வாரிசுரிமையாய் வருவதைச் சட்டம் தடுக்கவில்லை.

மச்சான் பெயரில் எழுதிவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். உறுதியில் யார் பெயரோ, காணி அவருடையது. நாளை அவருடைய பிள்ளைகள் கேட்டால் உங்கள் கையில் ஒன்றும் இராது.

காணியின் வகை: இந்தப் பக்கம் அரச காணி நிறைய உண்டு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணியைத் தனியார் உறுதிக் காணிபோல் விற்க முடியாது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தோம்பு பார்ப்பியுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

காசு: குச்சவெளிக் காணியைப் பிணையாக வைத்துக் கனடா வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கனடாவில் உள்ள வீட்டின் மேல் கடன் எடுத்தால், இங்கே காணி சிக்கலானாலும் அங்கே தவணை கட்டியே ஆகவேண்டும். வெளிநாட்டு முதலீட்டாளர் பணத்தை வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவர வேண்டும். விற்றபின் அதே வழியால் திருப்பி எடுக்கலாம். கையில் கொண்டுவந்த காசுக்கும் உண்டியலில் வந்த காசுக்கும் அப்படி வங்கி வழியாக வந்ததற்கான சான்று கிடையாது.

வரி: உறுதி எழுதும்போது முத்திரை வரி உண்டு. விற்கும்போது, 2018 ஏப்ரல் 1 முதல் மீண்டும் வந்த மூலதன ஆதாய வரி உண்டு. வாடகை வருமானத்துக்கு இலங்கையில் வரி கட்டினாலும், கனடாவில் வதிபவர் அதை அங்கேயும் காட்ட வேண்டும். இங்கே கட்டியதை அங்கே கழிக்க வழி உண்டு. வாடகைக்கு விடும் சொத்து உட்பட உங்கள் வெளிநாட்டுச் சொத்துகளின் வாங்கிய செலவு மொத்தம் 1,00,000 கனடா டொலரைத் தாண்டினால் டி1135 படிவமும் நிரப்ப வேண்டும். சொந்தப் பாவனைக்கு மட்டும் வைத்திருக்கும் வீடு அதில் சேராது.

வெளிநாட்டவர் சொத்து வாங்குவதற்கான தடை இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. கனடாவும் 2023 ஜனவரி 1 முதல் நகரப் பகுதிகளில் வெளிநாட்டவர் வீடு வாங்குவதைத் தடுத்திருக்கிறது.

குடியுரிமை, காணியின் வகை, காசு வரும் வழி ஆகிய மூன்றும் தெளிவாகும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். அது குளிரில் நின்று உழைத்த காசு.