விளிம்பிற் பொறித்த பெயர்: சப்பிரகமுவத் தோட்டங்களும் 1914-15 நட்சத்திரமும்

முதலாம் உலகப் போரிற் பணியாற்றியோருக்குப் பிரித்தானிய அரசு வழங்கிய பதக்கங்களுள் '1914-15 நட்சத்திரம்' தோற்றத்தால் எளியது. முடியொன்று மேலமைந்த வெண்கல நட்சத்திரம், முகப்பில் குறுக்கிட்ட இரு வாள்கள், பின்புறம் வெறுமை. அவ்வெறுமையிலேதான் வரலாற்று மாணவனுக்கு வேண்டியது உளது. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்பன ஆண்டுப் பொறிக்கப்பட்டுள்ளன.

இப்பதக்கம் சப்பிரகமுவத் தோட்டங்களுடன் தொடர்புற்றமை இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப்படையின் வாயிலாகவாகும். 1900 இல் அமைந்த அத்தொண்டர்படையிற் சேர ஐரோப்பியருக்கே இடமிருந்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை முதலாய பகுதிகளில் இறப்பரும் தேயிலையும் பரவிவந்த காலமது. மலைநாட்டு மாவட்டங்களிற் போலவே இங்கும் பெரியதுரைமாரும் சின்னத்துரைமாரும் ஓய்வுநாளில் அணிவகுப்புப் பயின்றனர். 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 பிற நிலையினரும் கொழும்பிலிருந்து கப்பலேறினர்.

எகிப்தையடைந்த அவர்கள் பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளுடன் இணைக்கப்பட்டனர். 1915 இல் கலிப்பொலியில் தளபதி பேர்ட்வுட்டின் மெய்காவற் பணியும் இவர்கள்பால் வந்தது. ஆயின், நூற்றுக்கணக்கான கூலியாட்களை மேற்பார்த்துப் பழகிய இளைஞரைச் சாதாரண சிப்பாய்களாக வைத்திருக்கப் படைத்துறை விரும்பவில்லை போலும். அவருட் பெரும்பாலார் விரைவிலேயே அதிகாரிகளாக்கப்பட்டு வெவ்வேறு படைப்பிரிவுகளுக்குச் சென்றனர். போர் முடிவதற்குள் அப்படையினருள் 80 பேர் மாண்டனர். 99 பேர் காயமுற்றனர்.

பதக்கத்தை வாசிக்கும் முறை ஈண்டுப் பயன்படுவது. நட்சத்திரத்திற் பொறிக்கப்படுவது, போர்க்களத்தில் முதன்முதல் அடிவைத்தபோது ஒருவர் வகித்த பதவியும் சேர்ந்திருந்த பிரிவுமாகும். வெள்ளியாலான பிரித்தானியப் போர்ப்பதக்கத்தின் விளிம்பிலோ அவர் களத்தில் எய்திய உயர்ந்த பதவி காணப்படும். எனவே ஒன்றிற் 'சிப்பாய், தோட்டத்துரைமார் துப்பாக்கிப்படை' எனவும் மற்றொன்றிற் 'கப்டன்' எனவும் ஒரே பெயர் வருமாயின், அம்மனிதரின் போர்க்கால வாழ்வு முழுவதும் அவ்விரண்டிடையே அடங்கியுள்ளது. ஒன்று மட்டும் கைக்கெட்டினால் பாதிக்கதையே கிட்டும்.

நட்சத்திரமில்லாமையும் ஒரு செய்தியே. 1887 இல் இலங்கையிற் பிறந்து, சிலகாலம் இறப்பர்த் தோட்டத்துரையாக இருந்த பசில் ஆதர் ஹோர்ஸ்வோல் இலங்கைப் பொறியியற்படையிற் பயிற்சி பெற்றவர். 1916 இலேயே இங்கிலாந்து சென்று கிழக்கு லங்காசயர்ப் படையிற் சேர்ந்தமையால், 1915 இறுதிக்குள் களம் புகுந்தோருக்குரிய நட்சத்திரம் அவருக்கில்லை. 1918 மார்ச்சில் பிரான்சில், தலையிற் காயம்பட்ட பின்னும் சிகிச்சைக்குச் செல்ல மறுத்து, இழந்த நிலைகளை இருமுறை மீட்டார். பின்வாங்கும் கட்டளை வந்தபோது இறுதியாகவே இடம் பெயர்ந்து, வழியில் மாண்டார். அவருக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. கல்லறை அறியப்படாமையால் அவர் பெயர் அராஸ் நினைவுச் சின்னத்திற் காணப்படுகின்றது.

பதக்கத்தின் உலோகமும் பேசும். பிரித்தானியப் போர்ப்பதக்கம் போர்வீரருக்கு வெள்ளியில் வார்க்கப்பட்டது. சீன, மால்ட்டா, இந்தியத் தொழிற்படையினருக்கோ அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. உருவும் நாடாவும் ஒன்றே. சுமை தூக்கியவனுக்கும் அகழி வெட்டியவனுக்கும் உலோகம் மட்டும் தாழ்ந்தது. துரை களம் சென்ற காலத்திற் பிரட்டுக்கு நின்று பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளர் போர்க்களம் மிதியாதவராதலின் அவ்வெண்கலத்துக்கும் உரியரல்லர். அவர்தம் பெயரைச் செக்ரோலிலேதான் தேடவேண்டும். ஆங்கும் பெயருக்கு நேரே காணப்படுவது நாட்கணக்கும் கூலியுமே.

இரண்டாம் போரில் நிலைமை சற்றே வேறு. பிரித்தானியா வழங்கிய 1939-45 போர்ப்பதக்கத்திற் பெயர் பொறிக்கப்படவில்லை. அரசின் சிக்கனம் ஆய்வாளனுக்கு இழப்பாயிற்று. அப்போரில் 1942 இல் மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் வழங்கிய முதன்மையான இடம் இலங்கையே. சப்பிரகமுவ மரங்கள் பட்டையின் எதிர்காலம் கருதாது வெட்டப்பட்டன. அவ்வுழைப்புக்கெனப் பதக்கமெதுவும் வகுக்கப்படவில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வுழைப்பாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டிலே தோட்டத்துரைமார் துப்பாக்கிப்படையும் கலைக்கப்பட்டது.