கிளீனர் சீட்டு

சின்னமனூர் மெயின் ரோட்டில் இரவு பத்து மணிக்கு மேல் நின்று பாருங்கள். குமுளிப் பக்கம் ஏறும் லோடு வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். வாழைத்தார், தேங்காய், காய்கறி, மாட்டுக்கு வைக்கோல் என்று மலைக்கு அந்தப் பக்கம் கேட்பதெல்லாம் இந்த ரோட்டில்தான் போகிறது. வண்டிக்கு இரண்டு பேர். ஸ்டியரிங்கில் டிரைவர், பக்கத்து சீட்டில் கிளீனர். ஒரே பொட்டலத்தில் பரோட்டா, ஒரே தார்ப்பாய்க்குக் கீழே தூக்கம். வீட்டு ஆட்களோடு இருப்பதைவிட இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும் நாட்கள்தான் அதிகம்.

இந்த இரண்டு சீட்டை வைத்து 1971-ல் ஓர் இந்திப் படம் வந்தது. பெயர் 'பத்னாம் பஸ்தி'. கெட்ட பேர் வாங்கிய குடியிருப்பு என்று பொருள். இயக்கியவர் பிரேம் கபூர். ஒரு காலத்தில் கொள்ளைக்காரனாக இருந்து, பிறகு வண்டி ஓட்டுகிறவன் சர்னாம் சிங். பலாத்காரத்திலிருந்து அவன் காப்பாற்றிய பெண் பான்சுரி. அவளைக் காலம் அவனிடமிருந்து பிரித்துவிடுகிறது. கோயிலில் வேலை செய்யும் சிவராஜ் என்ற இளைஞனைத் தன் வண்டிக்குக் கிளீனராகக் கூட்டிக்கொண்டு வருகிறான் சர்னாம். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த உறவு வேலைத் தோழமையாக மட்டும் நிற்கவில்லை. இந்த நிலையில் பான்சுரி மறுபடி அவன் வாழ்வில் குறுக்கிடுகிறாள். சர்னாமாக நிதின் சேத்தியும், சிவராஜாக அமர் கக்கடும், பான்சுரியாக நந்திதா தாக்கூரும் நடித்தார்கள். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலைச் சொன்ன முதல் இந்தியப் படம் என்று இன்று சொல்லப்படுவது இதுதான்.

கதை கமலேஷ்வருடையது. 'ஏக் சடக் சத்தாவன் கலியான்' என்று 1957-ல் வந்த அவருடைய நாவல். ஒரு சாலை, ஐம்பத்தேழு சந்து. உத்தரப்பிரதேசத்தின் மைன்புரி கமலேஷ்வர் பிறந்த ஊர், கதை நடக்கிற மண்ணும் அதுதான். அது பம்பாயோ டெல்லியோ அல்ல என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதெல்லாம் பெரிய நகரத்து வியாதி, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நம் டீக்கடைகளில் இன்றும் பேசுகிறார்கள். சந்தையும் கோயிலும் வண்டிப் பேட்டையும் இருக்கிற ஒரு சின்ன ஊரில் இப்படி இரண்டு பேர் வாழ முடியும் என்பது அறுபது எழுபது வருடத்துக்கு முன்பே ஓர் இந்தி எழுத்தாளனுக்குத் தெரிந்திருந்தது.

பணம் வந்த இடம் இன்னும் ஆச்சரியம். பெரிய தயாரிப்பாளர் யாரும் இல்லை, மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த கடன். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', மணி கவுலின் 'உஸ்கி ரோட்டி' போன்ற படங்களுக்குக் கை கொடுத்த அதே கழகம். இப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அப்போது முழுப் பலத்தோடு இருந்தது. அரசின் ஒரு கை குற்றம் என்று எழுதி வைத்திருந்ததை, இன்னொரு கை படமாக எடுக்கப் பணம் கொடுத்திருக்கிறது. இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1996-ல் எடுக்கப்பட்டு, 1998-ல் இங்கே திரைக்கு வந்தபோது தியேட்டர்களை உடைத்தார்கள். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வந்த 'பத்னாம் பஸ்தி'யை யாரும் உடைக்கவில்லை. பெரிதாக யாரும் பார்க்கவும் இல்லை. வந்தது, போனது, காணாமல் போனது.

ஒரு படம் எப்படிக் காணாமல் போகும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கள் தலைமுறைக்கு அது தெரியும். மதுரை–ராமநாதபுரம் ஏரியாவுக்கு எடுத்த பிரிண்ட் முதலில் மதுரையில் ஓடும், பிறகு தேனி, அப்புறம் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கடைசியில் கிராமத்து டூரிங் டாக்கீஸ். பஸ்ஸின் கூரையில் தகரப் பெட்டி வந்து இறங்கும். 'பொட்டி வந்துருச்சா?' என்று கேட்டுக்கொண்டு தியேட்டர் வாசலில் கூட்டம் நிற்கும். எங்களிடம் வரும்போது ஃபிலிம் முழுக்கக் கோடு விழுந்திருக்கும், பாட்டில் பாதி அறுந்திருக்கும். அறுந்ததை ஆபரேட்டர் ஒட்டி ஓட்டுவார். சுற்று முடிந்த பிரிண்டுக்கு விலை கிடையாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காகக் கழுவிக் கரைத்தவர்கள் உண்டு. மிச்சம் கிடங்கில் கிடந்து, வெக்கையிலும் ஈரத்திலும் புளித்து, வினிகர் வாடை அடித்து, சுருண்டு பிசினாகும். தமிழின் முதல் பேசும் படமான 1931-ன் 'காளிதாஸ்' படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்துத் தீயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய சின்னமனூர்ச் செப்பேடுகள் பத்தாம் நூற்றாண்டில் பாண்டியன் ராஜசிம்மன் காலத்தில் வெட்டப்பட்டவை. மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதம் தமிழானதையும் அவை இன்னும் நமக்குச் சொல்கின்றன. சினிமாவுக்கு நாம் ஐம்பது வருடம்கூடக் கொடுக்கவில்லை.

'பத்னாம் பஸ்தி'யின் பிரதி கிடைத்தது பெர்லினில். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து பிளாக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சிம்ரன் பல்லாவும் மைக்கேல் மெட்ஸ்கரும் 2019-ல் அங்குள்ள ஆர்சனல் திரைப்பட நிறுவனத்தின் இருப்பில் இந்தியப் படங்களைத் தேடியபோது இந்தப் பெயரைக் கண்டார்கள். ஒரு 35 எம்.எம். பிரதி நாற்பது வருடத்துக்கும் மேலாக, இந்தியாவில் யாருக்கும் நினைவில்லாமல், அங்கே பத்திரமாக இருந்திருக்கிறது. அதை டிஜிட்டலுக்கு மாற்றி, கொரோனா ஊரடங்கு நடந்த 2020 மே மாதம் இணையத்தில் திரையிட்டார்கள்.

பெர்லின் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. ஆண்–ஆண் காதலைப் பரிவோடு சொன்ன முதல் படங்களில் ஒன்று 1919-ல் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் ஜெர்மனியில் எடுத்த 'ஆண்டர்ஸ் ஆல்ஸ் டி ஆண்டர்ன்'. மற்றவர்களிலிருந்து மாறுபட்டவன் என்று சொல்லலாம். பாலியல் அறிஞர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டும் அதில் தோன்றி வாதாடுகிறார். 1920-ல் அதற்குத் தடை. 1933 மே மாதம் ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனத்தை நாஜிகள் சூறையாடி, அவருடைய நூலகத்தைப் பெர்லின் சதுக்கம் ஒன்றில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் படம் இன்று முழுதாக இல்லை, துண்டு துண்டாகத்தான் மிஞ்சி, அதைச் சேர்த்து மீட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு இழப்பைக் கண்ட நகரம் நம்முடைய படத்தை எறியாமல் வைத்திருந்தது. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். வெட்கமாகவும் இருக்கிறது.

மீட்டெடுத்த படம் என்றதும் நெகட்டிவ் தேடி, ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு அழித்து, ஒலியைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கேன் செய்வது வேறு, முழுச் சீரமைப்பு வேறு. எனக்கு இந்தப் படம் பளபளக்க வேண்டாம். சிரமப்பட்டுப் பிழைத்து வந்த படத்தின் முகத்தில் அந்தச் சிரமம் தெரிந்தால் தப்பில்லை.

குறைகளும் உண்டு. காலம் முன்னும் பின்னும் தாவும்போது சில இடங்களில் தடுமாறிப் போகிறோம். பான்சுரியை எல்லோரும் இழுத்துப் போகிறார்கள், அவள் மனசுக்குள் படம் போதுமான அளவு போகவில்லை. ஆனால் சர்னாமும் சிவராஜும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைக் காட்டும் விதத்தில் ஒரு நிதானம் இருக்கிறது. கேலி கிடையாது, பின்னணி இசையில் நையாண்டி கிடையாது, நோய் என்று யாரும் சொல்லவில்லை. அந்த உறவுக்குப் படம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. நம் தமிழ்ப் படங்களில் பல வருடம் இப்படி ஓர் ஆள் வந்தால் இடுப்பை ஒடித்து நடக்கவிட்டுச் சிரிக்க வைத்தார்கள், நாமும் சிரித்தோம். நானும் சிரித்திருக்கிறேன்.

என் தாய்மாமா கோட்டயத்துக்கு லோடு அடித்தவர். கடைசிவரை ஒரே கிளீனர். அந்த ஆள் இறந்தபோது மாமா மூன்று நாள் சாப்பிடவில்லை. 'வண்டியில கூட இருந்தவன்ல, அப்படித்தான் இருக்கும்' என்று அத்தை சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர்களுக்குள் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. லேப்டாப்பில் சர்னாமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில் மாமாவின் அந்த மூன்று நாள் நினைவுக்கு வந்து, படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். இழவு வீட்டில் துக்கம் கேட்க மாமாவிடம் ஒருவரும் வரவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பாரதிராஜா இதே தேனி அல்லிநகரத்துக்காரர். '16 வயதினிலே' வந்தது 1977-ல், 'பத்னாம் பஸ்தி'க்கு ஆறு வருடம் கழித்து. செட்டுக்குள் கிடந்த கிராமத்தை வெயிலுக்கும் புழுதிக்கும் கொண்டுவந்தவர் அவர். அதற்குப் பிறகு நம் படங்களில் சந்தை, திருவிழா, பஞ்சாயத்து, முறைமாமன், பண்ணையாள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சர்னாமும் சிவராஜும் வாழும் வீடு மட்டும் அந்தக் கிராமத்தில் இல்லை. மாலினி ஜீவரத்தினத்தின் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்' ஆவணப்படம், ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடமை' என்று சமீப வருடங்களில்தான் கதவு திறக்கிறது.

தமிழ் சினிமாவை நீதிமன்றம் முந்திக்கொண்டது. ஒருவரை ஒருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்டவர்களை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். தனக்கு இதைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகே அவர் அந்தத் தீர்ப்பை எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. என் மாமா காலத்தில் ஊரில் புழங்கிய சொற்கள் எல்லாமே வசவு.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இடிக்கப்பட்ட தியேட்டர்கள் பல. அவற்றின் பழைய ஆபரேட்டர் வீடுகளிலும் குடவுன்களிலும் தகரப் பெட்டிகள் இன்னும் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். புளித்த வாடை அடித்தாலும் எறிய வேண்டாம். ஈரமில்லாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ, மும்பை ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கோ ஒரு கடிதம் போடுங்கள். பெட்டி மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது, எத்தனை ரீல் இருக்கிறது என்று குறித்தால் போதும்.