வேகமானிப் பிழை

வேகமானிப் பிழை என்பது ஒரு மோட்டார் வண்டியின் வேகமானி (ஸ்பீடாமீட்டர்) காட்டும் வேகத்திற்கும், அவ்வண்டி சாலையில் உண்மையாகச் செல்லும் வேகத்திற்கும் இடையிலான வேறுபாடு ஆகும். சேலம் – நாமக்கல் நான்குவழிச் சாலையில் புதிய கார் ஓட்டுவோர், முகப்புப் பலகையில் 80 எனவும் கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸில் 76 எனவும் காண்பது வழமை. இது பெரும்பாலும் பழுதன்று. வேகமானி சற்றுக் கூட்டிக் காட்டுமாறே அமைக்கப்படுகிறது. குறைத்துக் காட்டுவதே கவலைக்குரியது.

பிழை தோன்றும் விதம்

வேகமானி வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் அல்லது கியர்பெட்டியின் வெளித்தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதை மட்டுமே அது அறியும். செருமனியரான ஒட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற வேகமானியில், சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தில் சுழிமின்னோட்டத்தைத் தூண்டும். கிண்ணம் சுருள்வில்லை எதிர்த்துத் திரும்ப, முள் நகரும். இன்றைய கார்களில் மின்னணு உணரி துடிப்புகளை எண்ணுகிறது. எனினும், ஒரு சுற்றுக்கு இவ்வளவு தொலைவு என்ற மாறா எண்ணையே இரண்டும் நம்பியுள்ளன. அத்தொலைவு டயரின் சுற்றளவைப் பொறுத்தது.

165/80 ஆர்14 என்னும் டயரின் விட்டம் கணக்குப்படி 619.6 மி.மீ. அதற்கு மாற்றாக 185/65 ஆர்15 பொருத்தினால் விட்டம் 621.5 மி.மீ.; வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் தோற்றத்திற்காக 185/80 ஆர்14 பொருத்தினால் விட்டம் 651.6 மி.மீ. ஆகிறது. முன்பு காட்டிய அதே வேகத்தில் வண்டி இப்போது 5 விழுக்காடு விரைவாகச் செல்லும். தேய்மானம் இதற்கு எதிரானது. 8 மி.மீ. ஆழமுள்ள டயர்ப் பள்ளம் 1.6 மி.மீ. ஆகத் தேயும்போது விட்டம் ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவதால், வேகமானி மேலும் கூட்டிக் காட்டும்.

விதிகள்

ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் வாகன ஒழுங்குவிதியின்படி, காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருத்தல் கூடாது. கூடுதலாக இருப்பின், உண்மை வேகத்தின் 10 விழுக்காட்டுடன் மணிக்கு 4 கி.மீ. சேர்ந்த அளவை மீறக்கூடாது. அதாவது, 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 80 முதல் 92 வரை எதைக் காட்டினும் அவ்விதிக்கு உட்பட்டதே. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி வேகமானியைக் கட்டாயமாக்குகிறது. புதிய டயரோடும் குறைத்துக் காட்டக்கூடாது என்பதால், தயாரிப்பாளர் முன்கூட்டியே சிறிது கூட்டி வைப்பது இயல்பு.

சோதித்தல்

சமவெளியில் இச்சோதனை எளிது. நேரான, நெரிசலற்ற பகுதியில் முள்ளை 80இல் நிலையாக வைத்து, 5 கி.மீ. கற்களைக் கடக்கும் நேரத்தை உடன் பயணிப்பவர் அளக்கவேண்டும்; ஓட்டுநர் அளக்கலாகாது. 18,000ஐ நொடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 238 நொடி எனில் உண்மை வேகம் 75.6. ஒரே கிலோமீட்டரில் சோதித்தால், கடிகாரத்தை அரை நொடி தவறி அழுத்தியதே ஒரு விழுக்காட்டுப் பிழையாகிவிடும். ஜி.பி.எஸ்.ஸும் நிலையான வேகத்தில், திறந்த வானத்தின் கீழ் நம்பத்தக்கது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதனை ஒப்பிடுவதில் பயனில்லை.

ஓடிய தொலைவைக் காட்டும் ஓடோமீட்டரைத் தனியே சோதிக்கவேண்டும். வேகமானி கூட்டிக் காட்டுவதால் ஓடோமீட்டரும் கூட்டிக் காட்டுகிறது எனக் கொள்ளலாகாது. அதுவும் கூட்டிக் காட்டினால் கிலோமீட்டர்க் கணக்கிலான உத்தரவாதம் முன்னரே முடிந்துவிடும். மைலேஜும் பொய்யாக உயர்ந்து தோன்றும், இதைக் குறை சொல்வோர் அரிது.

தீர்வு

முதலில் டயரின் அளவையும் காற்றழுத்தத்தையும் கையேட்டோடு ஒப்பிடவேண்டும். அவை சரியாக இருந்தும் வேகமானி குறைத்துக் காட்டினாலோ, மேற்கூறிய வரம்பைக் கடந்து கூட்டிக் காட்டினாலோ, அளவீடுகளுடன் விற்பனையாளருக்கு எழுத்து மூலம் முறையிட்டு, கூட்டுச் சோதனை ஓட்டம் கோரலாம். கருவித் தொகுதி மாற்றப்பட்டால் பழைய ஓடோமீட்டர் அளவைப் பணிச்சீட்டில் பதிவு செய்துகொள்வது நன்று. மறுவிற்பனையில் இதுவே சான்று. தீர்வு கிட்டாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு இரண்டு ஆண்டுக் காலவரம்பு விதித்துள்ளது.

லாரிகளில்

நாமக்கல், சங்ககிரிப் பகுதி லாரிகளில் இப்பிழைக்கு மற்றொரு விளைவும் உண்டு. 2015 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் சரக்கு வண்டிகளுக்குப் பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். இக்கருவியும் சக்கரச் சுழற்சியைக் கொண்டே வேகத்தை அறிகிறது. எனவே பெரிய டயர் பொருத்தப்பட்ட லாரி, முள் 80இல் நிற்க, அதற்கு மேலான வேகத்தில் ஓடக்கூடும். காவல்துறையின் வேகமறியும் ரேடாரில் பதிவாவது உண்மை வேகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, 2019 திருத்தத்தின்படி, மிகை வேகத்திற்குக் கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. டயரின் அளவை மாற்றினால் கட்டுப்பாட்டுக் கருவியையும் அதற்கேற்ப மறு அளவீடு செய்யவேண்டும்.