கொட்டாவிக்குக் காவல் இல்லை

பண்பொழி திருமலைக்கோவில் படியேறும்போது, முன்னால் போகிறவருக்குக் கால் இடறுகிறது. விழப்பார்த்தவர் அவர். உங்கள் கால் ஏன் வெடுக்கென்று துள்ளுகிறது?

பிறர் செய்வதைப் பார்த்தாலே போதும், நாமே செய்வதுபோல மூளையின் சில செல்கள் விழித்துக்கொள்ளும். 1990களின் தொடக்கத்தில், இத்தாலியின் பார்மா நகரத்தில், குரங்குகளின் மூளையில்தான் இதை முதலில் கண்டார்கள். குற்றாலத்தில் நம் கைப்பையைப் பறிக்கிறதே, அந்தக் குரங்குக்குத் தூரத்துச் சொந்தம்!

அப்படியானால், பார்ப்பதையெல்லாம் நாம் ஏன் செய்துவிடுவதில்லை? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி, ‘சும்மா இரு’ என்று அடக்கி வைக்கிறது. அந்தப் பகுதி பழுதுபட்டவர்களை 1980களில் கவனித்தார் பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மருத்துவர் பிரான்சுவா லெர்மிட். அவர் தலை வாரினால் அவர்களும் தலை வாரினார்கள். அவர் கால்மேல் கால் போட்டால் அவர்களும் போட்டார்கள். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பலர் விடவில்லை. கேலி இல்லை நேயர்களே, பாவம், அடக்கும் கடிவாளம் அறுந்துபோனதுதான் காரணம்.

நல்ல மூளைக்கும் டிமிக்கி கொடுப்பது ஒன்று உண்டு, கொட்டாவி! அதைப் பற்றிக் கேட்டாலே சிலருக்கு வந்துவிடும். இப்போது உங்களுக்கும் வருகிறதா? தயவுசெய்து பழியை எங்கள் நிகழ்ச்சிமேல் போட்டுவிடாதீர்கள்!