ஓய்வு யாருக்கு?

சென்ட்ரல் நிலையத்திற்கு விரைவு வண்டியில் வந்து சேர்ந்தவர்கள் எவரும் பேசின் பிரிட்ஜை எளிதில் மறக்கமாட்டார்கள். ஊர் வந்துவிட்டதென்று மூட்டை முடிச்சுகளை இறக்கி, உறங்கும் பிள்ளைகளை எழுப்பிச் செருப்பு மாட்டி, வாசலருகே வரிசையாக நின்றுவிட்ட பிறகு, வண்டி ஊர்ந்து ஊர்ந்து இங்கே நின்றுவிடும். நடைமேடை காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் படுத்து வந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பொறுப்பதில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறோம், சலித்துக்கொள்கிறோம், கைப்பேசியை எடுத்துத் தடவுகிறோம். வேலை ஏதுமற்ற பத்து நிமிடத்தை என்ன செய்வதென்று நமக்குத் தெரிவதில்லை!

சன்னலுக்கு வெளியே தெரிவதோ உழைப்பின் உலகம். கிளைத்துப் பிரியும் இருப்புப் பாதைகள், பெட்டிகளைக் கழுவித் துடைத்து மறு பயணத்திற்கு ஆயத்தம் செய்யும் பணிமனை, அதற்கப்பால் பக்கிங்காம் கால்வாய், புளியந்தோப்பு, வியாசர்பாடி. கிழக்கே சென்றால் இராயபுரமும் காசிமேடும் துறைமுகமும். வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும். இந்த நிலப்பரப்பில் வாழும் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் தந்தை முதல் ஷிப்டுக்குப் புறப்படும் நேரத்தில் மகன் மூன்றாம் ஷிப்டு முடிந்து வீடு திரும்புவான். அவர்களிடம் போய், பொழுதுபோக்கிற்கு நேரம் ஒதுக்குங்கள் என்று கூறினால் சிரிப்பார்கள். உடம்பைச் சாய்க்கவே நேரமில்லாதவனுக்குப் பொழுது போகாத குறையா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே.

ஆயினும் வடசென்னையின் வரலாறு அதற்கு வேறொரு விடையையும் வைத்திருக்கிறது. பேசின் பிரிட்ஜிலிருந்து சற்று மேற்கே, பெரம்பூரில் இருந்தவை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். மக்கள் நாவில் பின்னி மில். 1996-ஆம் ஆண்டு மூடப்படும்வரை பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட ஆலை அது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் உருவானது இந்த ஆலைத் தொழிலாளரைக் கொண்டுதான். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்று முயல, பி. பி. வாடியா தலைமை ஏற்க, திரு. வி. க. துணை நின்றார். அன்று தொழிலாளர் முறையிட்ட குறைகளுள் கூலி மட்டும் இருக்கவில்லை; நண்பகல் உணவை விழுங்கிவிட்டு ஓடுவதற்கும் போதாத இடைவேளை என்பது அவற்றுள் முக்கியமானது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே அமர்ந்து சோறுண்ணச் சிறிது நேரம் வேண்டும் என்ற முறையீடு நிற்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்நாளில் நடப்பிலிருந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளில் வயது வந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை என்று எல்லை வகுத்திருந்தது. வாரத்திற்கு 48 மணி, கட்டாய வார விடுமுறை என்ற நிலையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உறுதி செய்தது. இடையிலே எத்தனை வேலைநிறுத்தங்கள், எத்தனை பட்டினிகள்! சிங்காரவேலர் 1923-இல் இதே சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே. இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோர், 2023 ஏப்ரலில் நடந்ததை நினைவுகூர வேண்டும். நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நம் மாலைப் பொழுது நமக்குச் சும்மா கிடைத்ததன்று. சும்மா நிலைத்திருக்கப் போவதுமன்று.

பெற்ற அந்தப் பொழுதை இப்பகுதி மக்கள் எப்படிச் செலவிட்டார்கள்? துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் குத்துச்சண்டை பயின்றார்கள், கானா பாடினார்கள், கால்பந்து ஆடினார்கள். ஆயினும் நம் தெருக்களுக்கே உரிய ஆட்டம் கேரம்தான் என்போம். இருபத்தொன்பது அங்குலச் சதுரப் பலகை, வெள்ளையும் கறுப்புமாக ஒன்பது ஒன்பது காய்கள், நடுவே ஒரு சிவப்பு, ஒரு ஸ்டிரைக்கர், ஒரு சிட்டிகை போரிக் பவுடர். தலைக்கு மேல் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் போதும். மைதானம் தேவையில்லை, மழை தடையில்லை. ஷிப்டு முடிந்து வந்தவர் அரைமணி ஆடிவிட்டுப் படுக்கப் போகலாம். நால்வர் ஆட, நாற்பது பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லலாம். ஆடுகிறவரைவிட யோசனை சொல்கிறவருக்கே இன்பம் மிகுதி என்பது எங்கள் அனுபவம்.

இந்த எளிய பலகையிலிருந்து எழுந்தவர்களை எண்ணிப் பாருங்கள். சென்னையின் மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலக வாகையர் ஆனார். தேசிய வாகையர் பட்டத்தை ஒன்பது முறை பெற்றார். கேரம் ஆட்டத்திற்காக அர்ச்சுனா விருது பெற்றவரும் அவரே. வியாசர்பாடியில் எளிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த இளவழகி, 2008-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தனியர், இரட்டையர், குழு என மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண், அப்போது வயது பதினேழு. அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர். மகளுக்கு ஆட்டத்தைக் கற்பித்தவரும் அவரே. நாள் முழுவதும் வெயிலிலும் நெரிசலிலும் வண்டி ஓட்டியவருக்குப் பிள்ளையோடு பலகை முன் அமர எங்கிருந்து வந்தது நேரம்? மிச்சமாகக் கிடைத்திருக்க வழியில்லை. அவர் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

எல்லோர் வீட்டிலும் உலக வாகையர் பிறக்கப்போவதில்லை, பிறக்கவும் வேண்டியதில்லை. பதக்கத்திற்காக ஆடத் தொடங்கினால் அதுவும் இன்னொரு ஷிப்டு ஆகிவிடும். பரிசு வருமா, மதிப்பெண் கூடுமா என்று கேட்டுவிட்டே பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கும் பெற்றோரைக் காணும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது.

விளையாட்டு வீண் செயல் என்ற எண்ணம் பக்தியுள்ள குடும்பங்களில் இன்றும் உண்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் அவ்வாறு கருதவில்லை. உடலின் களைப்பிற்கு உறக்கம் எப்படியோ, மனத்தின் களைப்பிற்கு விளையாட்டு அப்படி என்று விளக்கும் அவர், நற்செய்தியாளரான புனித அருளப்பரைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் சொல்கிறார். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் வில் ஏந்தி நின்ற ஒருவனை அழைத்து, அம்பு எய்யச் சொன்னார். மீண்டும் மீண்டும் எய்தான். இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று வினவ, வில் முறிந்துவிடும் என்றான். மனமும் அவ்வாறே என்றார் அருளப்பர். விளையாட்டே அறியாத கடுகடுப்பையும் ஒரு குறையாகவே எண்ணுகிறார் அக்குவினாஸ். நம் பங்குகளில் சிலர் இதை அறிவது நலம்!

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் நேரம் மனிதனின் வலிமையை மீறலாகாது என்றும், ஞாயிறு ஓய்வு காக்கப்பட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், குடும்பம், பண்பாடு, சமயம் ஆகியவற்றிற்கென உழைப்போர்க்குப் போதிய ஓய்வு வேண்டும் என்றது. இவற்றிற்கெல்லாம் வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கச் சொல்லும் இணைச்சட்ட நூல், எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள் என்று காரணமும் கூறுகிறது. அடிமைக்கு ஓய்வு கிடையாது. ஓய்வு உண்டென்றால் அவன் விடுதலை பெற்றவன். அந்தக் கட்டளையில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன் என அனைவருக்கும் ஓய்வு உண்டு.

மனைவி என்ற சொல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று மறைநூல் அறிஞர் சிலர் விளக்குவர். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்பவர்கள் வேறு விதமாக நினைக்கக்கூடும். திருப்பலி முடிந்து வந்ததும் கணவர் நாளிதழோடு அமர்கிறார். பிள்ளைகள் தொலைக்காட்சி முன். அவளோ மீனை ஆய்ந்து, மசாலை அரைத்து, வாரத்துத் துணியை ஊற வைத்து, வந்த விருந்தினருக்குத் தேநீர் போட்டு, பாத்திரம் கழுவி நிமிர்கையில் மணி நான்கு. வாரம் ஆறு நாள் தையல் கூடத்திலோ மீன் அங்காடியிலோ உழைத்தவளும் அவளே. ஆலையில் எட்டு மணி நேரத்திற்காகப் போராடிய ஆண்கள், தம் வீட்டு அடுப்படியின் வேலை நேரத்தைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. வீதியில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் நாற்பது பேரில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இளவழகியும் காசிமாவும் அந்தப் பலகை முன் அமர்ந்ததன் அருமை அப்போது விளங்கும்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. கணவர் இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவி மணமாகும் முன் தம் ஊர்க் கோவிலின் பாடகர் குழுவில் பாடியவர், நல்ல குரல். மணமாகி இங்கு வந்த பிறகு முப்பது ஆண்டுகளாகப் பாடவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை: பாடல் பயிற்சி சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, அது இரவுச் சமையல் நேரம். எவரும் தடுத்ததில்லை, எவரும் கேட்டதுமில்லை. சென்ற ஆண்டு ஒரு திருமணத் திருப்பலியில் பின்வரிசையில் நின்று அவர் மெல்லப் பாடியதைக் கணவர் கேட்டிருக்கிறார். இப்போது சனிக்கிழமை இரவுகளில் அந்த வீட்டில் அவர் செய்வதுதான் சமையல். அவருக்குத் தெரிந்தது உப்புமா ஒன்றே. சென்ற வாரம் அதுவும் அடிபிடித்துவிட்டதாம். பயிற்சி முடிந்து எட்டரை மணிக்குத் திரும்பிய அம்மையார், படிக்கட்டில் ஏறும்போதே வாடை தெரிந்தது என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.