மாசி, பங்குனியில் வயலோரங்களில் கவனிக்க வேண்டியவை

புன்செய், தோட்டக்கால்களில் அறுவடை முடிந்தபின் வரப்புப் புல்லைக் கொளுத்துவதும் வேலியைக் கழிப்பதும் நம் குடியானவர்களின் வழக்கம். நூல்களில் மாசி, பங்குனி பின்பனிக்காலம் எனப்படினும், மரஞ்செடிகளுக்கும் பட்சிகளுக்கும் இளவேனில் அப்போதே தொடங்கிவிடுகிறது. ஆகையால் நெருப்பிடுமுன் ஒருநாள் காலையில் நிலத்தை ஒருமுறை சுற்றிவந்து, எது பூத்திருக்கிறது, எது கூடு கட்டுகிறது என்று பார்த்தல் அவசியம்.

வேலியிலுள்ள கல்யாண முருங்கை இலையுதிர்ந்து சிவந்த பூ விட்டிருக்கும். அதில் மைனாவும் கரிச்சானும் தேனுக்குக் கூடுவதைக் காணலாம். கோடையுழவின்போது ஏருக்குப் பின்னால் வந்து, மேலெழும் புழுக்களைப் பொறுக்குபவையும் இவையே. எனவே பூ உதிரும்வரை அம்மரத்தில் அரிவாள் வைக்காதிருத்தல் நன்று.

மாம்பூவில் ஈக்கள் மொய்ப்பதைக் கண்டு அஞ்சி மருந்து தெளிப்போர் உண்டு. இது பெருந்தவறு. மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பவை இந்த ஈக்களும் தேனீக்களுமே. முழுதும் மலர்ந்த பருவத்தில் மருந்தடித்தால் இவை மடிந்து காய்ப்பிடிப்புக் குறையும். தத்துப்பூச்சி மிகுதியாயிருப்பின், பூங்கொத்துத் தோன்றும் சமயத்திலேயே தெளித்துவிட வேண்டும். வரப்பிலுள்ள தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் தேனீக்களுக்கு ஆகாரமாதலால், அவற்றை விட்டுவைக்கலாம். பார்த்தீனியத்தை மாத்திரம் பூக்குமுன் வேருடன் களைந்துவிடுக. வெறுங்கையால் தொடுதல் கூடாது.

இனி ஆள்காட்டிக் குருவி. இதன் கூட்டை நூற்றில் ஒருவர்கூடக் கண்டிரார். ஏனெனில் கூடு என்று ஒன்று கிடையாது. வெறுந்தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் சில கற்கள், நடுவே பெரும்பாலும் நான்கு முட்டைகள். முட்டைகள் மண்ணிறத்தில் கரும்புள்ளிகளுடன் இருத்தலால் அருகில் நின்றாலும் புலப்படா. பறவை தலைக்குமேல் ஓயாது கத்திச் சுற்றுமானால், அடுத்த அடி வைக்குமுன் தரையைப் பார்க்கவும். இடம் தெரிந்ததும் இரண்டு கோல் நட்டு, ஏர் ஓட்டுபவருக்கும் டிராக்டர் ஓட்டுபவருக்கும் சொல்லிவைத்து, அவ்விடத்தை உழாமல் விட்டால் போதும். சுமார் நான்கு வாரங்களில் பொரித்துவிடும். குஞ்சுகள் உடனே நடந்து சென்றுவிடுமாதலால் நிலம் நெடுநாள் முடங்காது. வண்டு, கறையான் முதலியவற்றைத் தின்னும் பட்சி இது.

பழைய மரப்பொந்திலிருக்கும் புள்ளி ஆந்தையை அபசகுனமென்று கல்லெறிந்து துரத்துவது பல ஊர்களில் இன்னும் நின்றபாடில்லை. அது இராக்காலத்தில் வண்டுகளையும் சுண்டெலிகளையும் பிடிப்பதை அறிந்தோர் பொந்தை அடைக்கமாட்டார்கள். வாய்க்கால் கரையில் வளை தோண்டும் பஞ்சுருட்டான் தேனீக்களையும் தின்னும் என்று தேனீப்பெட்டி வைத்திருப்போர் குறை கூறுவது நியாயமே. ஆயினும் அது வேறு பறக்கும் பூச்சிகளையும் தின்பதால் வளையை மூட வேண்டியதில்லை.

புறம்போக்கு வாய்க்கால் கரைகளில் தீ வைப்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விரண்டு மாதங்களிலும் தடுத்தல் வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், அட்டவணையிற் சேர்ந்த பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் குலைப்பதும் வேட்டையாடுதலாகவே கருதப்படுகிறது என்பதையும் குடிகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.